அரசு போட்ட பணம் என்ன ஆயிற்று? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. இலை போவது ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு. சில வருடங்களுக்கு முன்னால், அந்தத் தொழிற்சாலைக்கு அரசு கொடுத்த கடனும் மானியமும் என்ன பலன் தந்தது என்று பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். மாதம் எத்தனை கிலோ, என்ன விலை, உரக் கடன் எவ்வளவு, பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகிறார்கள். அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து இலை பில் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். கிளம்பும்போது, "அறிக்கை வந்ததும் சொல்றோம்மா" என்றார்கள். அறிக்கை முடிந்துவிட்டது என்பதே எங்களுக்குத் தெரிந்தது மூன்று வருடம் கழித்துத்தான், அதுவும் வேறொரு கடிதத்தில் இருந்த ஒரு வரியைப் பார்த்து.

அன்றிலிருந்து இந்த மாதிரி அறிக்கைகளைத் தேடி எடுத்து, ஊரில் நாலு பேரோடு உட்கார்ந்து படித்துவருகிறேன். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

அரசு வணிக முதலீடு என்றால் என்ன? நம் மலையில் எது எது?

லாபம், நஷ்டம் என்று கணக்குப் பார்க்கும் ஒரு தொழிலில் அரசு பணத்தை வைப்பது. பங்கு மூலதனமாக வைக்கலாம், கடனாகக் கொடுக்கலாம், வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் நிற்கலாம், மானியம் தரலாம். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதும் முதலீடுதான். இந்தக் கடைசி வகையைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நீலகிரியில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் வனத்துறை நிலத்தில் தேயிலை போட ஆரம்பித்தார்கள். அதுதான் 1975-ல் கம்பெனியாகி டேன்டீ என்ற தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தலைமை அலுவலகம் குன்னூரில். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு 1965-லிருந்து இன்கோசர்வ் இணையம் இருக்கிறது. எப்பநாடு, இத்தலார், மஞ்சூர், கூடலூர் சாலிஸ்பரி என்று அதன் தொழிற்சாலைகள் மலை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ரேஷன் கடையில் வாங்கும் ஊட்டி டீ அவர்களுடையதுதான். மத்திய அரசு பக்கம் பார்த்தால், ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு கம்பெனியின் கீழ் இருக்கிறது. மாநில அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் தமிழ்நாடு ஹோட்டலும் அரசு வணிக முதலீடுதான்.

தணிக்கையும் மதிப்பாய்வும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் கேட்க வேண்டிய காகிதத்தை விட்டுவிட்டு வேறு காகிதத்தைக் கேட்கிறார்கள்.

ஒரு தொழிற்சாலைக்கு அரசுப் பணத்தில் இலை உலர்த்தும் புது ட்ரையர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் முறையாக விட்டார்களா, பில் இருக்கிறதா, பணம் கொடுத்த தேதியில் இயந்திரம் வந்து இறங்கியிருந்ததா என்று பார்ப்பது தணிக்கை. அந்த ட்ரையர் வந்த பிறகு ஒரு கிலோ தூளுக்கு ஆகும் விறகு குறைந்ததா, ஏலத்தில் விலை ஏறியதா, ஏறிய விலையில் எவ்வளவு விவசாயியின் கைக்கு வந்தது என்று பார்ப்பது மதிப்பாய்வு. முதலாவதில் எல்லாம் சரியாக இருந்து, இரண்டாவதில் ஒன்றுமே தேறாமல் போகலாம். பில் எல்லாம் ஒழுங்கு, ட்ரையர் மட்டும் வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது என்றால் தணிக்கையில் குறை வராமலே போகக்கூடும்.

இதற்கு நடுவில் செயல்திறன் தணிக்கை என்று ஒன்று உண்டு. சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், செய்வது. சிக்கனம், திறன், பலன் மூன்றையும் அது பார்க்கும். அரசு நிறுவனங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல அறிக்கைகளில் பல இந்த வகைதான்.

நல்ல மதிப்பாய்வு இன்னொன்றும் செய்யும்: இந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும். கூட்டுறவுக்கு இலை கொடுக்கும் ஊரையும், தனியார் தொழிற்சாலைக்கு இலை கொடுக்கும் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்கும். விலை ஏறியது புது இயந்திரத்தாலா, அந்த வருடம் எல்லோருக்குமே ஏறியதா என்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலை சராசரி விலையை வைத்து இதை ஓரளவு நாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

அரசு கம்பெனி என்றால், 2013 கம்பெனிகள் சட்டப்படி அதன் தணிக்கையாளரை நியமிப்பதே சிஏஜிதான். அந்தத் தணிக்கையாளரின் அறிக்கை வந்து 60 நாளுக்குள் சிஏஜி துணைத் தணிக்கை செய்து குறிப்புரை எழுதலாம். பிறகு ஆண்டு அறிக்கையோடு அந்தக் குறிப்புரையும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கூட்டுறவுத் தொழிற்சாலை என்றால் 1983 தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி கூட்டுறவுத் தணிக்கை நடக்கும். மதிப்பாய்வைத் துறைகளே வெளியாட்களை வைத்துச் செய்வதும் உண்டு. எங்கள் திண்ணைக்கு வந்தவர்கள் அப்படி வந்தவர்கள்தான்.

அறிக்கை வெளியே வர ஏன் இத்தனை நாள்?

சில தாமதங்களுக்குக் காரணம் நியாயமானது. சிஏஜி தணிக்கையாளர் ஒரு குறையைக் கண்டால் முதலில் அந்த அலுவலகத்திடமே விளக்கம் கேட்பார். பதில் திருப்தி தரவில்லை என்றால் வரைவுப் பத்தியாக்கித் துறைச் செயலாளருக்கு அனுப்புவார். கூட்டம் போட்டுப் பேசுவார்கள். அதற்கு அப்புறம்தான் அது அறிக்கையில் ஏறும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வாய்ப்புக் கொடுப்பது சரியான முறை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கடுத்த கட்டம்தான் எனக்கு வருத்தம். அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவுப்படி மாநில அறிக்கை ஆளுநருக்குப் போகிறது, அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டு அவை கலைந்துபோவது நாம் பலமுறை பார்த்தது. அதன் பிறகு சட்டமன்றத்தின் பொது நிறுவனங்கள் குழு எடுத்து விசாரிக்க வேண்டும். அது வருவதற்குள் தவறு செய்தவர் ஓய்வு பெற்றிருப்பார், இயந்திரம் துருப்பிடித்திருக்கும், விவசாயி தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டிருப்பார்.

துறை தன் செலவில் செய்யும் மதிப்பாய்வுக்கு இந்தச் சுற்றெல்லாம் கிடையாது. அதைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் இல்லை. முடிந்த மறு மாதமே வெளியிடலாம். வெளியிடாமல் வைத்திருப்பது ஒரு முடிவு. அந்த முடிவை யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

குறையை வெளியே சொன்னால் தொழிலே கெட்டுப்போகாதா?

எங்கள் கூட்டங்களில் மனம் நொந்து கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வேலை செய்பவர்கள். "நம்ம வீட்டுக் குறையை நாமே ஊருக்குச் சொல்லணுமா? ஏலத்துல வாங்கறவன் விலையைக் குறைப்பான், வங்கிக்காரன் கடனை நிறுத்துவான்." பயம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் குன்னூர் ஏலத்தில் தூள் வாங்குபவர் மாதிரியைச் சுவைத்துப் பார்த்துத்தான் விலை வைக்கிறார். தூளின் குறை அவருக்கு ஏற்கெனவே தெரியும். வங்கிக்குக் கணக்குப் புத்தகம் போகிறது, அவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது இலை கொடுக்கும் ஆளுக்கு மட்டும்தான்.

இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை நினைத்துப் பாருங்கள். 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்த கம்பெனி. நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு 'இந்து' எக்ஸ்ரே ஃபிலிம் இங்கிருந்து போனது. ஊட்டியில் ஒரு நகருக்கே இந்து நகர் என்று பெயர். பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காகப் பெரிய கடன் வாங்கி விரிவாக்கம் செய்தார்கள். கடனும் வட்டியும் ஏறின. வெளிநாட்டு ஃபிலிம் மலிவாக வந்தது, பின்னால் டிஜிட்டல் வந்தது. 1990-களின் நடுவில் நலிவடைந்த நிறுவனங்களுக்கான வாரியத்திடம் போனது. 2014-ல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. இடையில் கிட்டத்தட்ட இருபது வருடம். அந்த இருபது வருடம் அங்கே வேலை பார்த்த குடும்பங்கள், கம்பெனி பிழைக்குமா பிழைக்காதா என்பதைத் தேநீர்க்கடைப் பேச்சிலிருந்து ஊகித்துக்கொண்டு வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் முடிவு செய்தார்கள். நிலைமை எப்படி என்று எளிய தமிழில் நாலு பக்கம் வருடாவருடம் அவர்கள் கைக்குப் போயிருந்தால் கம்பெனி பிழைத்திருக்காமல் இருக்கலாம். அந்தக் குடும்பங்களின் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வணிக ரகசியம் என்று சொல்லி மறுத்தால்?

சில விஷயங்கள் உண்மையிலேயே ரகசியம்தான். திறக்காத டெண்டர், ஒரு கலவையின் செய்முறை, பேச்சு நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தத்தின் விலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8(1)(d) இவற்றைக் காக்கிறது. ஆனால் அதே பிரிவு, பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. 10-ஆவது பிரிவு இன்னும் உபயோகமானது: மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். ஐம்பது பக்க அறிக்கையில் இரண்டு பக்கம் ரகசியம் என்றால், அந்த இரண்டை எடுத்துவிட்டு நாற்பத்தெட்டைக் கேளுங்கள்.

போன வருட ஏல விலை ரகசியம் ஆகாது. முடிந்துபோன டெண்டரும் பெரும்பாலும் ஆகாது.

தகவல் அறியும் உரிமையில் எப்படிக் கேட்பது?

வெள்ளைத் தாளில், தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. மத்திய அரசு நிறுவனம் என்றால் மத்தியத் தகவல் ஆணையம்.

அனுபவத்தில் கண்டது ஒன்று. "ஏன் நஷ்டம் வந்தது?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லக் கடமை இல்லை என்று பதில் வரும். "இந்தத் திட்டத்தின் மதிப்பாய்வு அறிக்கையின் நகல், அதன் மேல் துறை எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று காகிதத்தைக் கேளுங்கள்.

இன்னொன்றும் விண்ணப்பத்தில் சேருங்கள். அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அதை உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்தில் எது மக்களைப் போய்ச் சேரும் என்பதையும் கருத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்று 4(4) சொல்கிறது. நீலகிரியில் ஒரு தேயிலைத் திட்டத்தின் முடிவை ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் அந்தப் பிரிவு நிறைவேறியதாக நான் நினைக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலை கூட்டுறவுச் சங்கம். சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்கிறார்களே?

2013-ல் கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு பெருமளவு நிதி தராத, அரசின் ஆழமான கட்டுப்பாட்டில் இல்லாத சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பு ஆகாது என்றது. அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவலை, அவர் மூலமாகக் கேட்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தைச் சங்கத்துக்கு அனுப்பாமல், அந்தச் சங்கத்தை மேற்பார்வை செய்யும் தொழில் வணிகத் துறைக்கு அனுப்புங்கள். அப்புறம், நீங்கள் உறுப்பினர் என்றால் தணிக்கை அறிக்கை சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் உங்கள் முன்னால் வைக்கப்பட வேண்டிய ஒன்று. அதற்கு எந்த விண்ணப்பமும் வேண்டாம், கையைத் தூக்கிக் கேட்டால் போதும்.

அறிக்கை கிடைத்தது. எண்பது பக்கம். எங்கே ஆரம்பிப்பது?

முன்னுரையை விடுங்கள். முதலில் அவுட்டர்னைத் தேடுங்கள். நூறு கிலோ இலையில் எத்தனை கிலோ தூள் வந்தது என்ற எண். சுமாராக நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் வரும், அதாவது 22 முதல் 25 சதவீதம்.

ஒரு தொழிற்சாலை வருடத்துக்குப் பத்து லட்சம் கிலோ இலை எடுக்கிறது என்று வைப்போம். 25 சதவீதம் என்றால் இரண்டரை லட்சம் கிலோ தூள். 23 என்றால் 2,30,000 கிலோ. வித்தியாசம் 20,000 கிலோ. தூள் கிலோ 100 ரூபாய் என்றால் 20 லட்சம் ரூபாய். அதைப் பத்து லட்சம் கிலோ இலைக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு இரண்டு ரூபாய். மாதம் 500 கிலோ இலை கொடுக்கும் வீட்டுக்கு அது ஆயிரம் ரூபாய். அறிக்கையில் இது "உற்பத்தித் திறனில் இரண்டு புள்ளி சரிவு" என்று ஒரே வரியில் போய்விடும்.

அவசரப்பட்டு யாரையும் திருடன் என்றும் சொல்லிவிடக் கூடாது. ஜூலை மழையில் இலை தண்ணீரோடு எடை போடப்படும், அப்போது அவுட்டர்ன் குறையத்தான் செய்யும். ஜூலையை ஜூலையோடு ஒப்பிட வேண்டும், ஜனவரியோடு அல்ல. முற்றின இலையில் அவுட்டர்ன் கூடலாம், ஆனால் ஏலத்தில் விலை போகாது. அதனால் அவுட்டர்னையும் ஏல விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படியுங்கள். அதன் பிறகு விறகும் மின்சாரமும், பிறகு வட்டி. கடைசியாக, முந்தைய அறிக்கை சொன்ன குறைகள் இந்த அறிக்கையிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் பக்கத்தில்தான்.

டேன்டீ நஷ்டத்தில் ஓடினால் மூடிவிட வேண்டியதுதானே?

அது எதற்காக ஆரம்பிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு வேலையும் கூரையும் கொடுக்கத்தான் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, வால்பாறை என்று அந்தத் தோட்டங்கள் போடப்பட்டன. அப்படி ஒரு முதலீட்டை மதிப்பிட இரண்டு பத்தி வேண்டும். ஒன்றில் ரூபாய். இன்னொன்றில் எத்தனை குடும்பம் நிலைத்தது, லயன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எந்த நிலையில் இருக்கின்றன, பிள்ளைகள் எதுவரை படித்தார்கள். முதல் பத்தியை மட்டும் அச்சடித்தால் அது பாதி அறிக்கை. இரண்டாவது பத்தியைக் காட்டி முதல் பத்தியை மூடி மறைப்பதும் சரியில்லை. 2022-ல் அந்த நிறுவனத்தின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது. அப்படி ஒரு முடிவு வரும்போது, அந்தப் பகுதிகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தக் கணக்கின் பேரில் இது நடந்தது என்பது அவர்கள் லயனிலேயே படித்துக் காட்டப்பட வேண்டும்.

குறை சொன்ன அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஆபத்து வராதா?

வரலாம். அதனால் அறிக்கையில் பேட்டி கொடுத்தவர் பெயர் வரக் கூடாது. சின்ன ஊரில் "நாற்பது வயது பெண் விவசாயி, மூன்று ஏக்கர்" என்று போட்டாலே யார் என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்குக் கவனம் வேண்டும்.

ஊரில் எப்படிச் சொன்னால் புரியும்?

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சமுதாயக் கூடத்துச் சுவரில் பழுப்புக் காகிதம் ஒட்டி, பெரிய எழுத்தில் நாலு வரி எழுதுவோம். அரசு எவ்வளவு போட்டது. எதற்குப் போட்டது. என்ன நடந்தது. உங்கள் இலைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது. அதற்கு மேல் எழுதினால் பின்வரிசைக்குத் தெரியாது. கூட்டம் ஞாயிறு மதியம். மற்ற நாள் வைத்தால் இலை பறிக்கும் பெண்கள் வர முடியாது, அவர்கள் இல்லாத கூட்டத்தில் பேசி என்ன பயன்.

முதல் கூட்டத்தில் நான் மூலதனம், தேய்மானம் என்று ஆரம்பித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தன் மடியிலிருந்து இலை பில்லை எடுத்து நீட்டி, "தம்பி, நீ சொல்றது இதுல எந்த எடத்துல இருக்கு, காட்டு" என்றார். காட்டத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, பில்லில் உள்ள ஒவ்வொரு பிடித்தமும் தொழிற்சாலைக் கணக்கில் எந்த வரியில் போய்ச் சேர்கிறது என்று கோடு போட்டுப் படம் வரைந்தேன். இப்போது எல்லாக் கூட்டத்திலும் அந்தப் படம்தான் முதலில் சுவரில் ஏறும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் எதைக் கேட்கலாம்?

மூன்று கேள்வி போதும். எங்கள் தொழிற்சாலைக்கு அரசு கொடுத்த பணத்தைப் பற்றிக் கடைசியாக மதிப்பாய்வு எப்போது நடந்தது? அதன் தமிழ்ச் சுருக்கம் எப்போது அறிவிப்புப் பலகையில் வரும்? அதில் சொன்ன குறைகளில் எது சரிசெய்யப்பட்டது, எது நிற்கிறது? பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போன முறை எங்கள் தொழிற்சாலையில் இரண்டாவது கேள்வியைக் கேட்டது அம்மா. பதிலுக்கு ஒரு மாதம் கெடு வாங்கியிருக்கிறார்கள். தேதி அம்மாவின் இலை பில் கட்டின் மேல் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.